குதிரையிலிருந்து தொடங்குங்கள் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவிலிருக்கும் என் மாமா, வோட்டர்லூ சமர்க்காலத்துப் பிரெஞ்சுக் குயிராசியர் குதிரைவீரன் ஒருவனின் 1/32 அளவுப் பிளாஸ்ரிக் மொடல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். வீரனின் சீருடைக்கும் கவசத்துக்கும் உரிய நிறங்களைத் தேடிக் குறித்து வைத்திருக்கிறேன். குதிரைக்குக் கபில வர்ணம் பூசினேன். அது மரக்குதிரை போலிருக்கிறது. பெட்டியின் மேலுள்ள ஓவியத்தில் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னுமாக நீட்டிப் பாய்கிறது, உள்ளேயிருக்கும் பாகங்களில் கால்கள் அப்படி இல்லை. சூடாக்கி வளைக்கலாமா? அடித்தளத்துக்கு எங்கள் வளவுச் செம்மண்ணைத் தூவலாமா?

வி., கோண்டாவில்

அன்புள்ள வி.,

கால்களை வளைக்க வேண்டாம். ஓவியத்தை விட உங்கள் கையிலுள்ள பிளாஸ்ரிக் உண்மைக்கு நெருக்கமானது. பாயும் குதிரையின் கால்களை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாமையால் பழைய ஓவியர்கள் அவற்றை இருபுறமும் நீட்டி வரைந்தார்கள். 1878ஆம் ஆண்டில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் எடுத்த தொடர் ஒளிப்படங்களே, நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் ஒடுங்கியிருக்கின்றன என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. அத்துடன், 1815 ஜூன் 18இல் வோட்டர்லூவில் குயிராசியர்கள் முதல்நாள் மழையில் ஊறிய வயல்களினூடாக, மேட்டை நோக்கி ஏறினார்கள். அந்தச் சேற்றில் அவர்களுடைய கனத்த குதிரைகளுக்குப் பெரும்பாய்ச்சல் எளிதாக இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் வீரனைப் பற்றி இவ்வளவு தேடலும் குதிரைக்கு ஒரேயொரு நிறமும் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது குதிரையின் உடல். அது உயிரற்றிருந்தால் பொத்தான்களின் துல்லியம் எதையும் காப்பாற்றாது. ஆகவே பூசியதை அகற்றிவிட்டுக் குதிரையிலிருந்தே தொடங்குங்கள். இரு பாதிகளும் சேரும் கோடு நெஞ்சிலும் வயிற்றின் கீழும் தெரியாதவாறு பூச்சுக்களிம்பால் நிரப்பி, நுண்ணிய மண்கடதாசியால் ஈரத்துடன் தேயுங்கள். வீரனை ஒட்டாமல் சேணத்தில் இருத்திப் பாருங்கள். தொடைக்கும் சேணத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அதை இப்போதே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் வர்ணம் பூசிய பின்னர் அந்த இடைவெளியை மறைக்க வழியில்லை. இருக்கை பொருந்திய பிறகு வீரனைக் கழற்றி, ஒரு தக்கையில் ஊசியால் குத்தி நிறுத்தித் தனியாகப் பூசுங்கள். வர்ணத்துக்கு முன் தெளிக்கும் முதற்பூச்சான பிரைமரை மாரிகால ஈரநாளில் பயன்படுத்தினால் அது வெளிறிப் புகைபடிந்தாற்போல் உலரக்கூடும். வெயில் ஏறிய காலைப்பொழுது ஒன்றுக்குக் காத்திருங்கள்.

இனி நிறம். கபிலக் குதிரை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குப் பிடரிமயிரும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பு. செங்கபிலமான மற்றதற்கு அவை உடலின் நிறத்தை ஒட்டியோ அதைவிட வெளிறியோ இருக்கும், அங்கே கறுப்புக்கு இடமில்லை. எதைச் செய்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். முதல் வகைக்கு, மஞ்சள் கலந்த இளங்கபில அக்ரிலிக்கை அடிப்பூச்சாகப் பூசி நன்கு உலரவிடுங்கள். பேர்ண்ட் அம்பர் எனப்படும் கருங்கபில எண்ணெய் வர்ணத்தைச் சிறிதளவு கடதாசி மட்டையில் வைத்து, அதிலுள்ள எண்ணெய் உறிஞ்சப்பட்ட பின்னர் உடல் முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு உலர்ந்த மென்தூரிகையால், மயிர் படியும் திசையிலேயே அதைத் துடைத்தெடுங்கள். தசை மேடுகளில் அடிநிறம் வெளிப்படும், பள்ளங்களில் கருமை தங்கும், தூரிகையின் தடம் மயிராகத் தோன்றும். எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காய்வது இந்த வேலையில் பெரிய வரம், மனதுக்குப் பிடிக்கும்வரை திருத்தலாம்.

இதற்கெல்லாம் முன்னர், இயலுமானால் ஒருமுறை குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் வாருங்கள். அந்நியர் ஆட்சிக்காலக் குதிரைகளின் வழிவந்தவையாகச் சொல்லப்படும் குதிரைகள் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. முழங்கால் எங்கே மடிகிறது, நிற்கும்போது எந்தப் பின்காலைத் தளர்த்துகிறது, வெள்ளை மயிருக்கிடையிலும் மூக்கைச் சுற்றி ஏன் கருந்தோல் தெரிகிறது என்பவற்றை எந்தப் படமும் அவ்வாறு காட்டாது. ஆனால் அளவுக்கு அவற்றை நம்பாதீர்கள். அவை சிறியவை, குயிராசியரின் குதிரையோ கவசமணிந்த ஆளைச் சுமக்கும் பருத்த விலங்கு. அதன் தோள் உயரம் 160 சென்ரிமீற்றர் எனக் கொண்டால் உங்கள் மொடலில் அது 5 சென்ரிமீற்றராக இருக்கும்.

செம்மண் வேண்டாம். நிறம் வோட்டர்லூவின் பெல்ஜிய வயலுக்குரியதன்று என்பது ஒரு காரணம்; அளவு மற்றொன்று. 1/32இல் 1 மில்லிமீற்றர் மணல் 3.2 சென்ரிமீற்றர்க் கல்லாகிவிடும். மாவாக அரித்த மண்ணைப் பசையில் குழைத்து, உலர்ந்தபின் கருங்கபிலம் பூசி, அதே நிறத்தைக் குதிரையின் வயிறுவரை தெறிக்க விடுங்கள். கடிவாள வாருக்கும் இதே கணக்குத்தான்: 2.5 சென்ரிமீற்றர் அகல வார் இங்கே 0.8 மில்லிமீற்றருக்கும் குறைவு. தொகுதியிலுள்ள தடித்த பிளாஸ்ரிக் வாரைத் தவிர்த்து, மெல்லிய ஈயத்தகட்டில் கீறி எடுத்து, வீரனை இருத்திய பின்னர் கடைசியாகப் பூட்டுங்கள்.

சீருடையில் நீங்கள் குறித்தவை சரியாகவே இருக்கும். மார்புக் கவசத்துக்கு மட்டும் பொன்னிறம் பூசிவிடாதீர்கள். அது கரபினியர்கள் என்ற மற்றொரு பிரெஞ்சுக் குதிரைப்படையினருக்குரியது. குயிராசியரின் கவசம் உருக்கு, அதன் ஆணிகளே பித்தளை.