பிள்ளைகள் யுத்தத்தைப் பற்றிக் கேட்டால்

தங்கச்சி, இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் இருந்து சுவிஸுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, 8 வயது மகள் "இங்கேயும் குண்டு போடுவாங்களா" என்று கேட்கிறாள், 15 வயது மகன் உக்ரேன், காசா வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாயே திறப்பதில்லை, என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

சின்னவள் எதைப் பார்த்துக் கேட்டாள் என்று முதலில் விசாரியுங்கள். செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உடுப்புக் கழுவக் கீழே போகும்போது ஒரு தடித்த கொங்கிரீட் கதவைப் பார்த்திருப்பீர்கள், உள்ளே யாரோ போட்டுவைத்த சைக்கிளும் பழைய பெட்டிகளும் இருக்கும். அது யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ளும் அறை. 1963இல் வந்த சட்டத்தால் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. போதாததற்கு பெப்ரவரி மாதத்தின் முதலாவது புதன்கிழமை பகல் 1.30க்கு நாடு முழுக்க சைரன் ஊதிப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாளே அவளிடம் சொல்லிவையுங்கள், அறையையும் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இப்போது இங்கே யுத்தம் இல்லை, அம்மா அப்பா பக்கத்தில் இருக்கிறோம் என்றால் அந்த வயதுக்குப் போதும். அவள் இருக்கும்போது பெரியவர்களின் செய்தியை ஓடவிடாதீர்கள்.

மகன் விஷயம் வேறு. எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பேசமாட்டான், ரயிலில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது கேளுங்கள். போனைப் பறிக்க வேண்டாம், இந்த வீடியோவை யார் போட்டார்கள், எங்கே எடுத்தது என்று சேர்ந்து பாருங்கள், ஆர்மா 3 என்ற கேமின் காட்சிகளையே உக்ரேன் என்றும் காசா என்றும் பரப்பினார்கள், அது அவனுக்கே தெரிந்திருக்கலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவனைக் கேட்பார்கள், நீ இலங்கைத் தமிழன், யுத்தத்தாலா வந்தாய் என்று. இங்கே இருக்கும் நம் ஆட்களில் பெரும்பாலானோர் வடக்கு கிழக்கில் இருந்து வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட கதை இருக்கிறது. மலையகப் பிள்ளை முழிக்கும். ஏனென்றால் "நாம தோட்டத்து ஆளுங்க, நமக்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்ல" என்றே சொல்லி வளர்க்கிறோம். அது உண்மையில்லை தங்கச்சி. 1948இல் நம் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததில் இருந்து சொல்லுங்கள். 1977 கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டு ஓடியவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள், அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் 2009 வரை அந்த யுத்தத்துக்குள்ளேயே கிடந்தன. 83 ஜூலைக் கலவரத்தில் மலையகமும் தப்பவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி தமிழ் இளைஞர்களை ஒரு கூட்டம் புகுந்து அடித்துக் கொன்றது. கொழும்புக் கடைகளில் நின்ற நம் பொடியன்களை செக்பொயின்டில் இறக்கி விசாரித்ததும் யுத்தம்தான். என் அப்பா அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தித்தான் கொழும்பு பஸ் ஏறுவார்.

83இல் எங்கள் அப்பாயியைத் தன் மரக்கறிக் கொட்டிலில் மறைத்து வைத்தது பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம். இதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள், இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் பிள்ளை மனதில் வெறுப்புத்தான் ஏறும். என் மக்களுக்கு இன்றுவரை நினைவில் நிற்பதும் அந்தக் கொட்டில்தான், உள்ளே லீக்ஸ் மணக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் மகனையே வாட்ஸ்அப்பில் பேச விடலாம், ஆனால் பேச விருப்பமா என்று அவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளில் யாருக்காவது நித்திரை கெட்டால், சாப்பாடு குறைந்தால், வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள். நிறையப் பள்ளிகளில் சமூகப் பணியாளர் இருக்கிறார், அவரிடம் பேசக் காசு இல்லை. உங்களுக்கு ஜேர்மன் ஓடாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், மகனை மட்டும் அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்.