பச்சைத்திரையா, வீஎஸ் கோடா? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

இருபத்து மூன்று வருடம் சென்னையில் வங்கியின் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதினேன். இப்போது பாளையங்கோட்டை வீட்டிலிருந்து அதே வேலை. புரோகிராமருக்கு எந்த டூல் நல்லது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன். பச்சைத்திரை என்றால் மெயின்பிரேமின் பழைய எழுத்துத் திரை, அதில் புரோகிராம் எழுதும் டூல் ஐஎஸ்பிஎஃப். வீஎஸ் கோடு லேப்டாப்பில் ஓடும் எடிட்டர்.

மேலப்பாளையம் தம்பி: அண்ணாச்சி, புது ப்ராஜெக்ட். ஐஎஸ்பிஎஃப் போதுமா, வீஎஸ் கோடு கேட்கலாமா?

முதலில் உங்கள் சிஸ்டம் புரோகிராமரிடம் இசட்ஓஎஸ்எம்எஃப் என்ற சர்வர் ஓடுகிறதா என்று கேளுங்கள். வீஎஸ் கோடில் போடும் ஸோவி எக்ஸ்ப்ளோரர் என்ற எக்ஸ்டென்ஷன் வழக்கமாக அந்த வாசல் வழியாகத்தான் மெயின்பிரேமுக்குள் நுழையும். வாசல் திறந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஸோவியும் சரி, கோபோல் தெரிந்த இசட் ஓப்பன் எடிட்டரும் சரி, காசில்லாமலே கிடைக்கும். பல புரோகிராம்கள் பகிரும் ஃபீல்டு விவரங்களான காப்பிபுக்குகள் எந்த லைப்ரரியில் இருக்கின்றன என்று எடிட்டருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் திரை முழுக்கச் சிவப்புக் கோடு, மூன்றாம் நாளே ‘டூல் சரியில்லை’ என்று டீம் மூட்டை கட்டிவிடும்.

எதில் எழுதினாலும் வரியின் 72-வது எழுத்து இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் வருடத்தில் ஒரு இஃப் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி 73-வது இடத்தில் விழுந்துவிட்டது. 72-க்கு அப்பால் கம்பைலர், அதாவது புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் டூல், பார்க்காது. அதனால் அடுத்த வரியில் இருந்த கூட்டலும் இஃபுக்குள் போய்விட்டது. கம்பைல் சுத்தமாக வந்தது. டெஸ்ட் கணக்குகள் எல்லாமே அந்த நிபந்தனைக்குள் வருபவை என்பதால் டெஸ்டும் பாஸ். இரவு ஓட்டத்தில்தான் மொத்தத் தொகை குறைந்தது. மூன்று பேர் விடிய விடிய உட்கார்ந்து தேடினோம். திரையில் அந்தப் புள்ளி கண்ணெதிரேயே இருந்தது!

கடையநல்லூர் தம்பி: வீட்டிலேயே கோபால் பழக என்ன வழி?

கோபால் எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருப்பவர். கோபோல் பழக குனூகோபோல் என்ற கம்பைலர் போதும், லேப்டாப்பில் ஓடும். ஆனால் மெயின்பிரேமுக்கு வேலை கொடுக்கும் ஜேசிஎல், அதன் ஃபைல்களான டேட்டாசெட் எல்லாம் அதில் கிடையாது. அதற்கு ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் இருக்கிறது, மெயின்பிரேமின் இயங்குதளமான நிஜ இசட்ஓஎஸ்ஸில் இலவசமாகப் பழகலாம். லேப்டாப்பை மெயின்பிரேம்போல நடிக்கவைக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில் பழைய இயங்குதளமான எம்விஎஸ் 3.8-ஐ ஓட்டுகிறவர்களும் உண்டு. அதோடு வரும் கோபோல் 1985 தரத்துக்கு முந்தையது, எண்ட்-இஃப் கிடையாது. இஃபை முடிக்க முற்றுப்புள்ளிதான். அது எந்த இடத்தில் விழ வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சங்கரன்கோவில் தம்பி: இந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு வரும்?

டூல் பற்றிக் கேளுங்கள்.

தென்காசி தங்கச்சி: ஐஎஸ்பிஎஃப்தான் உசத்தி என்று சீனியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஃபீல்டு எங்கே மாறுகிறது என்று வீஎஸ் கோடில் ஒரு கிளிக்கில் பார்க்கிறேன். அவர்கள் பக்கம் பக்கமாகத் தள்ளுகிறார்கள்.

பக்கம் தள்ளுகிறவருக்கு ஐஎஸ்பிஎஃப் தெரியாது என்று அர்த்தம். கட்டளை வரியில் எக்ஸ் ஆல் போட்டால் எல்லா வரியும் ஒளிந்துகொள்ளும். அப்புறம் எஃப் போட்டு, ஃபீல்டு பெயர், ஆல். அந்தப் பெயர் உள்ள வரிகள் மட்டும் எழுந்து நிற்கும். ஆனால் ஒன்பதாயிரம் வரி புரோகிராமில் எந்தப் பாரா, அதாவது கோபோல் பத்தி, எதை அழைக்கிறது என்று தொடர்ந்து போக உங்கள் வழிதான் சுகம், ஒத்துக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரம் பெரியவர் குறுக்கிட்டார்: இரண்டு பேர் ஒரே மெம்பரை, அதாவது லைப்ரரியில் உள்ள ஒரு ஃபைலை, திறந்தால் ஐஎஸ்பிஎஃப் இரண்டாவது ஆளை விடாது. உங்கள் வீஎஸ் கோடு?

பெரியவர் சரியான இடத்தில் கை வைக்கிறார். வீஎஸ் கோடு ஒரு நகலை லேப்டாப்புக்கு எடுத்துக்கொள்ளும், மெம்பரைப் பூட்டாது. சேமிக்கும்போதுதான் ‘இடையில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள்’ என்று நிறுத்தும். அதற்குள் ஒரு மணி நேரம் தட்டியிருப்பீர்கள்.

தென்காசி: அதற்குத்தானே சோர்ஸ் மாற்றங்களைக் காக்கும் கிட்? கிளை பிரித்து வேலை செய்தால் பூட்டே தேவையில்லை.

அம்பாசமுத்திரம்: எங்கள் இடத்தில் சோர்ஸைக் காப்பது மெயின்பிரேமின் எண்டெவர். கிட் என்றால் ஆட்டுக்குட்டி என்பார்கள்.

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. சோர்ஸ், அதாவது புரோகிராமின் மூல வரிகள், எங்கே குடியிருக்கிறது என்பதைப் பார்த்து எடிட்டரைத் தேர்ந்தெடுங்கள். கிட்டில் இருந்தால் தங்கச்சி வழி. எண்டெவரில் இருந்தால் ஒருவர் எடுத்தால் மற்றவரை நிறுத்தும் அதன் சைன்-அவுட் உங்களைக் காப்பாற்றும், எடிட்டர் எதுவானாலும் சரி. சோர்ஸ் வெறும் லைப்ரரியில் கிடந்தால் பெரியவர் பக்கம்தான் நான். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்கு இசட்ஓஎஸ்எம்எஃப் படுத்துவிட்டால் ஸோவியும் படுத்துவிடும். அப்போது மெயின்பிரேமுக்குள் நேரடியாக நுழையும் டிஎஸ்ஓ லாகான் தெரிந்தவர்தான் நின்றுபோன ஜாபை எழுப்புவார்.

வள்ளியூர் தம்பி: வீஎஸ் கோடு மட்டும் போதுமா அண்ணாச்சி?

முதல் பதில்.

நாங்குநேரி தம்பி: டேட்டா ஃபைலை லேப்டாப்பில் இறக்கித் திருத்தி மறுபடி ஏற்றினேன். எண் சரியில்லை என்கிற சாக் செவன் பிழை வருகிறது.

டெக்ஸ்ட் முறையில் இறக்கியிருப்பீர்கள். எண்ணை நெருக்கி வைக்கும் காம்ப்-3 ஃபீல்டில் 123 என்பது ஹெக்ஸ் என்ற பதினாறடி எண்முறையில் 12 3சி என்று இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும். அது எழுத்தே இல்லை. எழுத்து என்று நினைத்து மெயின்பிரேமின் எழுத்து முறையான எப்சிடிக்கிலிருந்து லேப்டாப்பின் ஆஸ்கிக்கு மாற்றினால் எண் சிதையும். நடுவில் ஹெக்ஸ் 15 என்று ஒரு பைட் வந்தால் அதை வரி முடிவாகவும் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்புறம் ரெக்கார்டே உடைந்துவிடும். இந்த வேலைக்கு எடிட்டரே வேண்டாம். மெயின்பிரேமிலேயே டேட்டாவைத் திருத்தும் ஃபைல்-எய்டோ ஃபைல் மேனேஜரோ இருந்தால் காப்பிபுக்கோடு அங்கேயே திறந்து திருத்துங்கள். இப்போதைக்குப் பழைய ஃபைலை மீட்டெடுங்கள், இறக்கியதைத் திருத்திப் பார்க்காதீர்கள்.

களக்காடு தம்பி: இந்தக் காலத்தில் பச்சைத்திரை எல்லாம்...

ஐந்தாவது முறை. மேலே படியுங்கள் தம்பி.

கல்லிடைக்குறிச்சி தங்கச்சி: 72-வது இடத்தில் கோடு எப்படிப் போடுவது அண்ணாச்சி?

இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். வீஎஸ் கோடு அமைப்பில் ரூலர்ஸ் என்று தேடி 7, 72 என்று போடுங்கள். ஐஎஸ்பிஎஃப்பில் வரி எண் இருக்கும் இடத்தில் கால்ஸ் என்று தட்டினால் அளவுகோல் வரும்.