அப்பாவுக்கு எதுக்குங்க ஹார்ட் அட்டாக்?

கேள்வி: பன்னெண்டு வருஷம் கழிச்சு சொந்த ஊருக்குத் திரும்புற பொண்ணு, அவளோட பழைய காதல், உடைஞ்சு போன குடும்பம்னு ஒரு நாவல் எழுதி அனுப்பினேன். 'குடும்பப் பிரச்சனை தீரவே இல்லை'னு ஒரு வரி எழுதி திருப்பி அனுப்பிட்டீங்க. கடைசி அத்தியாயத்துல அப்பாவும் பொண்ணும் கட்டிப்பிடிச்சு அழறாங்களே, இன்னும் என்னதான் வேணும்?

பதில்: அழறாங்க, படிச்சேன். எதுக்கு அழறாங்கன்னுதான் கடைசி வரைக்கும் புரியல. அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வருது, இவ ஓடி வரா, பஸ்ஸை விட்டு இறங்கினதுமே பழைய காதலன் எதிர்ல நிக்கிறான் (அவனுக்கு வேற வேலையே கிடையாதா?), அதுக்கப்புறம் முக்கால்வாசி நாவல் இவங்க ரெண்டு பேரும் பார்க்கறதும் முறைக்கறதும்தான், அப்பா பாட்டுக்கு ஐசியூல கிடக்கார். ஐசியூல இருக்கற மனுஷன்கிட்ட யாரு சண்டை போடுவா? அன்னைக்கு ராத்திரி அவர் என்ன சொன்னார், இவ ஏன் வீட்டை விட்டுப் போனாங்கற கேள்வியே வராம நைஸா தப்பிச்சுட்டீங்க. தப்பு பண்ணவரை நோயாளியாக்கிட்டா மன்னிப்பு கேட்கற வேலையே அவருக்கு இல்லை, எல்லாத்தையும் மறக்கற வேலை மட்டும் பொண்ணு தலையில.

அடுத்தது, காதல் ஜெயிச்சா குடும்பமும் தானா சரியாயிடும்னு ஒரு கணக்கு போட்டிருக்கீங்க. இங்கிலீஷ் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினோட 'பெர்சுவேஷன்' 1817 கடைசியில, அவங்க இறந்தப்புறம் வந்த நாவல். அதுல கதாநாயகி ஆன், 19 வயசுல பெரியவங்க பேச்சைக் கேட்டு காதலை முறிச்சுக்கறா, எட்டு வருஷம் கழிச்சு அதே ஆளோட சேர்றா. அவ அப்பா திருந்தினாரா? கடைசி பக்கம் வரைக்கும் அதே தற்பெருமைதான். ஆனா அன்னைக்கு அவளைத் தடுத்த லேடி ரஸ்ஸல், நான் கணிச்சது தப்புன்னு ஒத்துக்கறாங்க. யார் மாறணும், யார் மாறவே மாட்டாங்கன்னு ஆஸ்டின் தெளிவா முடிவு பண்ணி எழுதியிருக்காங்க, நீங்க எல்லாரையும் ஒரே சீன்ல நல்லவங்களாக்கிட்டீங்க.

எனக்கு நிஜமாவே கோபம் வந்தது உங்க கதாநாயகியோட அக்கா விஷயத்துலதான். இந்தப் பன்னெண்டு வருஷமும் அப்பாவோட கோபம், மருந்து, கடன் எல்லாத்தையும் தனியா சுமந்தவ அவ. நாவல்ல அவளுக்கு என்ன வேலை? கதவு திறக்கறா, கண்ணைத் துடைச்சுக்கறா, அவ்ளோதான். பைபிள்ல லூக்கா 15-ல ஊதாரி மகன் திரும்பி வர்றப்போ, வீட்டோடவே இருந்து உழைச்ச அண்ணன் கோவிச்சுக்கிட்டு வெளியிலயே நிக்கிறான், அப்பா வெளில வந்து கெஞ்சறார், அவன் உள்ள போனானா இல்லையான்னு சொல்லாமலே கதை நின்னுடுது. ஓடிப் போனவ வந்ததும் எல்லாரும் கொண்டாடினா, ஓடாம இருந்தவளுக்கு வயிறு எரியாதா? உங்க கையில இருந்ததுலயே நல்ல சரக்கு அவதான், அவளைப் போய் ஓரமா நிக்க வச்சிருக்கீங்க.

அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, நல்லா திட்டற அளவுக்குத் தெம்பு குடுங்க. அக்காவும் தங்கச்சியும் ஒரு முழு அத்தியாயம் சண்டை போடட்டும், காதலன் அந்தப் பக்கமே வரக்கூடாது. எழுதிட்டு மறுபடி அனுப்புங்க, கண்டிப்பா படிக்கிறேன். அந்த மழையில நனையற முத்தத்தை மட்டும் எடுத்துடுங்க, எங்க ஆபீஸ் மேஜை ஏற்கெனவே ஈரமாத்தான் இருக்கு.