இரவு மாத்திரை கொடுத்தாச்சா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு 4 வயது. ஆறு மாதமாக வலிப்புக்கு பீனோபார்பிட்டோன் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. எனக்கும் கணவருக்கும் ஷிப்ட் வேலை என்பதால் மாமியாரும் கல்லூரியில் படிக்கும் மகனும்தான் கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு ராத்திரி, அவர் கொடுத்திருப்பார் என்று இவனும் இவன் கொடுத்திருப்பான் என்று அவரும் இருந்துவிட, விடியற்காலையில் மணிக்கு வலிப்பு வந்துவிட்டது. போன மாதம் இதற்கு நேர்மாறாக இருவருமே கொடுத்து, மறுநாளெல்லாம் தள்ளாடியது. இந்த ஒரு தடவை தவிர ஆறு மாதமாக வலிப்பே இல்லை, மாத்திரையை நிறுத்திவிடலாமே என்கிறார் கணவர். என்ன செய்வது டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் அம்மா. வலிப்பு வராமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அதனாலேயே முன்பைவிடப் பலமாக, அடுத்தடுத்து வலிப்பு வரலாம். குறைக்க வேண்டுமென்றால் உங்கள் கால்நடை மருத்துவர் பல வாரங்கள், மாதங்கள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். போன வார வலிப்பு அந்த ஒரு வேளை விட்டதால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் நாய்க்கும் எப்போதாவது வரும். ஆனாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று சொல்வது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்காமல் இருக்கத்தான், அதனால் காலை 7, இரவு 7 என்று உங்கள் வீட்டுக்குத் தோதான நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்பின் ஆனால் பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமறதி இல்லை. வேலை இருவருடையதாக இருப்பதுதான் சிக்கல். காலை மாத்திரை மாமியார், இரவு மாத்திரை மகன் என்று பிரித்துவிடுங்கள், மகன் வெளியே போகும் நாளில் அவனே பாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம், சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறீர்களா? காலையில் கொடுத்தவர் அன்றைய தாளில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும், இரவில் கொடுத்தவர்தான் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும், வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வரும் நீங்கள் யாரையும் எழுப்பாமலே தெரிந்துகொள்ளலாம். போனில் அலாரமும் வையுங்கள், ஆனால் அலாரம் நினைவுபடுத்துமே தவிர கொடுத்தாயிற்றா என்று சொல்லாது.

மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் கொடுங்கள். இரவு 7 மணி மாத்திரை 10 மணிக்கு நினைவு வந்தால் கொடுத்துவிடலாம், காலை 5 மணிக்குத்தான் நினைவு வருகிறது என்றால் 7 மணி மாத்திரை மட்டும் போதும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. தவறி இரண்டு தடவை கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.

கொடுத்தால் மட்டும் போதாது, விழுங்கியதா என்றும் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் ஒரு லாப்ரடார் வீட்டில் ஆயுத பூஜைக்கு சோபாவை நகர்த்தியபோது அடியில் பதினொரு மாத்திரைகள், எல்லாவற்றிலும் காய்ந்த இட்லி ஒட்டிக்கொண்டிருந்தது! முதலில் வெறும் இட்லித் துண்டு, அடுத்து மாத்திரை வைத்தது, அது வாயில் இருக்கும்போதே மூக்குக்கு முன்னால் மூன்றாவது துண்டைக் காட்டுங்கள், அதற்கு ஆசைப்பட்டு இரண்டாவதை முழுங்கிவிடும். விழுங்கிய நாய் பெரும்பாலும் நாக்கால் மூக்கை நக்கும். பிரியாணிக் கறியில் வைக்காதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

மாத்திரை இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள், தீபாவளி, பொங்கல் விடுமுறையில் அலைய வேண்டிவரும். ஆறு மாதம் ஆகிவிட்டதால் மருந்தின் அளவுக்கும் ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யும் நேரம் இது. வலிப்பு வந்தால் வாயில் கையோ சாவியோ வைக்காமல் போனில் நேரத்தைக் குறியுங்கள், 5 நிமிடம் தாண்டினாலோ ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: 11 வயது பொமரேனியனுக்கு இதய மாத்திரை பிமோபெண்டான். தயிர்சாதத்தில் பிசைந்து வைக்கிறேன், சரியா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டிய மாத்திரை. தவிர, பாதிச் சாதத்தை மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் கிண்ணத்திலேயே கிடக்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால், குடிக்கும் தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள், ராத்திரியிலும் கிண்ணம் நிறைந்திருக்கட்டும்.