விரல் நுனியும் பட்டறை வேலையும்

வணக்கம் அண்ணா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறேன். போன வருடம் மெஷின் பெல்ட்டில் கை சிக்கி, இடது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டிலும் நுனி போய்விட்டது. சர்ச் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவன் நான். இப்போது கம்பியை அழுத்தினால் உயிர் போகிறது. 'பிளாக் சபாத்' ராக் குழுவின் கிட்டார்க் கலைஞர் டோனி அயோமியைப் பார் என்கிறார்கள் நண்பர்கள். அவர் எங்கே, நான் எங்கே?

ஆர்., பொகவந்தலாவை, இலங்கை

அன்புள்ள தம்பி,

நண்பர்கள் சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் கதையை மனவுறுதியின் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் முதலில் செய்தது பட்டறை வேலை. உங்களுக்குத் தெரிந்த வேலை அது.

1965, பர்மிங்ஹாம். தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வெல்டராக இருந்த அயோமிக்கு 17 வயது. இசைக்குழுவோடு ஜெர்மனி போவதற்காக வேலையை விட்டுவிட்டார், அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். நாளை முழுசாக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பினார். வேலைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக, பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் நிற்க வைத்தார்கள். அது கைமேல் இறங்க, அவர் வெடுக்கென்று இழுக்க, வலது கையில் உங்களுக்குப் போன அதே இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடது கைக்காரர் அவர். கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். ஆலையின் ஃபோர்மன் வீடு தேடி வந்து ஒரு இசைத்தட்டைக் கேட்க வைத்தார். வாசித்தவர் ஜாஸ் கிட்டார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியபின், மிச்சமிருந்த இரண்டைக் கொண்டே தனி ஓட்டங்களை வாசித்தவர். அந்த ஃபோர்மனை நினைத்தால் எனக்கு எப்போதும் நெகிழ்ச்சிதான்.

அப்புறம்தான் பட்டறை. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக்கோலால் துளையிட்டு, விரலுக்குப் பொருந்தும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி அதன்மேல் ஒட்டினார். பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் கம்பியில் வழுக்கும், தோல் பிடித்துக்கொள்ளும். தொடுவுணர்ச்சி இல்லாததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மெல்லிய கிட்டார்க் கம்பி கிடைக்காத காலம். பான்ஜோக் கம்பியைப் பூட்டினார்.

'பிளாக் சபாத்' குழுவின் முதல் தொகுப்பு 1970 பெப்ரவரியில் வந்தது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், பையன்கள் வாங்கிக் குவித்தார்கள். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் பல பாட்டுகளில் அயோமி சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு நோவு குறைந்தது, ஒலியும் கனத்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் வாசிக்கும் ராக் இசையின் கனத்தில் இந்த இறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2012இல் புற்றுநோய் என்று தெரிந்தபின்னும் அவர் நிறுத்தவில்லை. 2025 ஜூலையில், பிறந்த ஊரிலேயே, பழைய கூட்டாளிகளோடு மேடையேறினார்.

விபத்து நல்லதுக்குத்தான் நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த விரல்கள் இருந்திருக்க வேண்டும், உங்களுடையவையும்தான்.

சரி, உங்கள் கிட்டாருக்கு வருவோம். 12ஆம் நம்பர் கம்பி இருந்தால் அதைவிட மெல்லிய 10க்கு மாற்றுங்கள். கம்பிக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு மூன்று அரைச்சுரம் இறக்குங்கள்; கம்பியின் இழுவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். பாடற்குழுவின் சுருதி மாறுமே என்று கவலை வேண்டாம். கிட்டார்க் கழுத்தின் மூன்றாம் கட்டத்தில் கேப்போவை (கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கவ்வியை) மாட்டினால் பழைய சுருதி வந்துவிடும், இழுவை மட்டும் குறைவாகவே இருக்கும். முழுக் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வராத இடத்தில் ச, ப என்ற இரண்டு சுரங்களை மட்டும் பிடியுங்கள். ராக் கிட்டாரில் பாதி அதுதான். விரலுறையை நீங்களே செய்யலாம். ஆனால் காயம் நன்றாக ஆறிவிட்டதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். பனிக் காலத்துக் காலையில் நுனி விறைத்து வலிக்கும், கையைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாத விஷயம். நட்டஈடு கிடைத்ததா? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது, வேலையில் போன விரலுக்கும் அதில் இடமுண்டு. தோட்டத்தில் தருவதை வாங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மருத்துவத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.