வரையத் தெரியாத பெண்ணுக்குக் கலை வரலாறா?

"என் மகளுக்கு நேராக ஒரு கோடு போட வராது. சயின்ஸ் குரூப் படித்துவிட்டு கலை வரலாறு என்கிறாளே" என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் கோடு விஷயத்தைப் பார்ப்போம், சார். சமைப்பது வேறு, ஒரு வாய் சாப்பிட்டதும் இது யார் கைப்பக்குவம் என்று சொல்வது வேறு. கலை வரலாறு இரண்டாவது ரகம். ஒரு சிலை எந்தக் காலத்தது, எந்தப் பகுதியின் வேலை, யாருக்காகச் செய்தது என்று சான்றோடு சொல்லும் படிப்பு.

அது எங்கே பயன்படும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1976-இல் தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் மண்ணுக்கடியில் ஒரு நடராஜர் கிடைத்தார். கை மாறி மாறி லண்டன் போய்விட்டார். 1982-இல் லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. இது பத்தூர் சிலைதான் என்று யார் நிரூபிப்பது? தமிழகத் தொல்லியல் துறை இயக்குநராக இருந்த நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதே ஊரில் கிடைத்த மற்றச் செப்புத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள், ஒட்டியிருந்த மண்ணைக்கூட ஆராய்ந்தார்கள். 1991-இல் நடராஜர் நாடு திரும்பினார். பார்க்கத் தெரிந்த கண் நீதிமன்றம் வரை போகும்.

இனி வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: இடங்கள் குறைவு. அருங்காட்சியகக் காப்பாட்சியர் (க்யூரேட்டர்), தொல்லியல் துறை, ஏல நிறுவனங்கள், கேலரிகள், நெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் காட்சிக்கலை (விஷுவல் ஆர்ட்ஸ்) பாடம் எடுத்துத் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணி. முதல் மாதமே ஐ.டி. சம்பளம் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரவேண்டாம். ஆனால் நீங்கள் வருத்தப்படும் சயின்ஸ் குரூப் வீணில்லை. சிலைகளையும் சுவரோவியங்களையும் பாதுகாக்கும் பணிக்கு வேதியியல் தெரிந்தவர்கள்தான் வேண்டும். பி.எஸ்சி. வேதியியல் முடித்து அந்தப் பக்கம் திரும்பலாம்.

பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் இளநிலையிலேயே கலை வரலாறு உண்டு. சாந்திநிகேதனின் கலா பவனாவிலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) முதுநிலை. அவ்வளவு தூரம் இப்போதே அனுப்ப மனமில்லையென்றால் இங்கேயே பி.ஏ. வரலாறு, கூடவே பழைய கல்வெட்டுகளைப் படிக்க உதவும் கிரந்த எழுத்து வாசிக்கப் பழகட்டும், பிறகு முதுநிலைக்கு வெளியே போகட்டும். நான் இதைத்தான் சொல்வேன். லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஆறு மாத டிப்ளமோவுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அவளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் ஒரு நோட்டோடு விட்டுவிடுங்கள். போன் உங்களிடம் இருக்கட்டும். விளக்கப் பலகையைப் படிக்கக் கூடாது. அந்தச் சிலையில் திருவாசி, அதாவது சுற்றியிருக்கும் தீச்சுடர் வளையம் இல்லை, இருபுறமும் பறக்கும் விரிசடையும் இல்லை. ஆனாலும் ஆட்டம் தெரியும். எதனால் என்று அரை மணி நேரம் பார்த்து எழுதட்டும். பிறகு இன்னொரு நடராஜரைப் பார்த்து என்ன வித்தியாசம் என்று எழுதட்டும். பத்து நிமிடத்தில் "போலாமாப்பா" என்றால் நாம் வேறு படிப்பு பேசலாம். நீங்கள் கூப்பிட்டும் வராமல் நின்றால், அந்த நோட்டோடு இருவரும் என்னை வந்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று அங்கே விடுமுறை.