தட்டிப் பார்த்து வாங்குங்கள்: கிட்டார் மரம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழைய கிட்டாரைப் பழுது பார்ப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு விஷயம்: எந்த மரம், எங்கே கிடைக்கும், என்ன விலை? கப்பல் பட்டறையில் 22 ஆண்டு தச்சு வேலை பார்த்தவன் நான். கிட்டார் செய்ய ஆரம்பித்தது அதற்கப்புறம். இதுவரை 41 செய்திருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் பதில்கள் பெறும்.

ஒருவர் பிரேசிலியன் ரோஸ்வுட் செட் ஒன்றை, அதாவது முதுகுப் பலகையும் பக்கப் பலகையும் சேர்த்து, 3,800 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். பத்திரம் கேட்டால் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார். வாங்கலாமா அண்ணே? (ஈசூன் வாசகர்)

வேண்டாம் தம்பி. "பிறகு பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்ன இடத்திலேயே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தம். இந்த மரம் 1992-லேயே அதன் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. புலியும் யானைத் தந்தமும் இருக்கிற பட்டியல் அது. அதற்கு முன் வெட்டியது, சட்டப்படி வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால், நீங்கள் செய்யும் கிட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தத் தீவை விட்டு வெளியே போக முடியாது. இங்கே இதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். 2014-ல் மடகாஸ்கரிலிருந்து ஜூரோங் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் 29,000-க்கும் மேற்பட்ட ரோஸ்வுட் கட்டைகள் பிடிபட்டது நினைவிருக்கலாம். வழக்கு 2019 வரை இழுத்து, கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. விடுதலை ஆனாலும் ஐந்து வருடம் நீதிமன்றப் படி ஏறியது ஏறியதுதானே!

இன்னொன்று. அந்தப் பலகை பிரேசில் மரம்தானா? போலிவியன் ரோஸ்வுட் என்று விற்பது பாவ் ஃபெரோ. அது ரோஸ்வுட் இனமே கிடையாது. மெழுகு பூசிய பலகையில் கருப்புக் கோடு ஓடினால் விற்பவர் வாயில் எந்த நாட்டுப் பெயரும் வரும்.

சரி, ஓசைக்கு வருவோம். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞர் ஒரே அமைப்பில் செய்த ஆறு கிட்டார். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசிலியன் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி, 52 பேர் மங்கல் வெளிச்சத்தில் வெல்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். எங்கள் பட்டறையில் பற்றவைப்பவர்கள் போடும் அதே கண்ணாடி! விலை உயர்ந்ததற்கும் மலிவானதற்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கும் முன்னால், 1862-லேயே, ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் செய்து காட்டினார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதுகு மரத்துக்கு ஓசையில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தட்டினால் மணி போல் கேட்கும் மரத்தைக் கையில் பிடிக்கும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் 3,800 வெள்ளியில் 300 வெள்ளியை மேல்பலகைக்குப் போட்டால் காதுக்குக் கிடைப்பது அதிகம். மேல்பலகைக்குப் போடுவது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அந்தப் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் நட்டுவைத்த கம்பி போல் செங்குத்தாக நிற்க வேண்டும். மேலே கால்வாசி நீளத்துக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் கணுவால் தட்டுங்கள். "டொக்" என்று செத்தால் வைத்துவிடுங்கள். "டங்ங்" என்று நீண்டால் பணப்பையை எடுங்கள்.

எங்கள் பாட்டியின் ஈட்டிக் கட்டில் வீட்டில் இருக்கிறது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்ததாம். வீடு மாறுகிறோம், புது வீட்டில் இடமில்லை. இதில் கிட்டார் செய்ய முடியுமா? (அங் மோ கியோ வாசகர்)

எனக்கு இந்தக் கடிதம்தான் மிகவும் பிடித்தது. ஈட்டி என்பதைத்தான் உலகம் இந்திய ரோஸ்வுட் என்று கொண்டாடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். பிரேசிலிலிருந்து கட்டை வருவது நின்றபின், 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் டி-28 கிட்டாருக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பாட்டி படுத்த மரத்துக்கு அவ்வளவு மவுசு.

முதலில் ஈட்டிதானா என்று பாருங்கள். சட்டத்தின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இழைப்புளியால் ஒரே ஒரு சுருள் எடுங்கள். ஊதா கலந்த பழுப்பு நிறமும், மெல்லிய இனிப்பு வாசமும் இருந்தால் மேலே யோசிக்கலாம். தேக்காக இருந்தால் தோல் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அளவு. முதுகுக்கு ஏறக்குறைய 55 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் இரண்டு பலகை வேண்டும். இரண்டும் ஒரே பலகையைப் பிளந்து புத்தகம் போல் விரித்ததாக இருந்தால் அழகு. அதற்குப் பலகை 10 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். ரம்பமே ஒன்றரை மில்லிமீட்டர் தின்றுவிடும், மீதியை இழைத்து இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவோம். பக்கத்துக்கு 80 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். இவ்வளவும் தலைமாட்டுப் பலகையில்தான் கிடைக்கும். கடைந்த கால்கள் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கும் (பிரிட்ஜ்) தலைப்பகுதி ஒட்டுக்கும் ஆகும். ஆணித் துளையைக் கண்டு பயப்படாதீர்கள், ரேகை கோணலாக ஓடுவதைக் கண்டு பயப்படுங்கள். அறுபது எழுபது வருடம் ஆறின மரம் இனி வளைந்து சுருங்கி அதிகம் விளையாடாது. கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத குணம் அது.

2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுக்கச் சைட்டிஸ் பட்டியலில் வந்தபோது இசைக்கலைஞர்கள் தலையில் கைவைத்தார்கள். 2019 நவம்பர் முதல், இந்திய ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிட்டாரை ஊருக்கு எடுத்துப் போகலாம். வெறும் பலகையாகக் கொண்டு போனால் கதை வேறு.

கட்டிலை அறுக்கும் முன் உங்கள் அம்மாவைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.

கருங்காலி மாலை போட்டால் நல்லது என்கிறார்கள். விரற்பலகைக்கும் கருங்காலிதான் நல்லதா? (தேக்கா பக்கமிருந்து ஒருவர்)

மாலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கருங்காலி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரம் விற்கிறது என்பது மட்டும் தெரியும். விரல் அழுத்தும் அந்தப் பலகைக்குக் கிட்டார்காரன் தேடுவது எபனி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி அதில் ஒரு வகை. இன்று சந்தையில் வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவினது. கன்னங்கரேல் என்றுதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். சாம்பல் வரி ஓடிய எபனியும் அதே கடினம்தான். வெட்டிப் பார்த்து வரி இருந்தால் காட்டிலேயே போட்டுவிட்டுப் போகும் வழக்கம் கேமரூனில் இருந்தது. 2011-ல் அங்கே ஆலை வாங்கிய டெய்லர் கிட்டார் நிறுவனம் வரி உள்ளதையும் பயன்படுத்த ஆரம்பித்தது. எனக்கு இப்போது வரி உள்ளதுதான் பிடிக்கிறது.

மகன் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறான். நீங்கள் செய்தது போன்ற கிட்டார் அங்கே தாங்குமா ஐயா? (ஜூரோங் வெஸ்ட் தாயார்)

அம்மா, இதில் என் முகத்தில் கரி பூசிய கதை ஒன்று உண்டு. என் ஏழாவது கிட்டார். ஈட்டி முதுகு, நல்ல ஸ்ப்ரூஸ். கதவைத் திறந்து போட்டு, மழை நாளில், உள்ளே பலகையைத் தாங்கும் பிரேஸ் குச்சிகளை ஒட்டினேன். நம் ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். மரம் தண்ணீரைக் குடித்து அகன்று நின்ற நேரத்தில் குறுக்கே குச்சியை ஒட்டிப் பூட்டிவிட்டேன். வாங்கியவர் டொரோண்டோவுக்குக் குடிபோனார். முதல் குளிர்காலம், அறையில் ஹீட்டர். மரம் சுருங்கப் பார்த்தது, குச்சி விடவில்லை. முதுகு 18 செ.மீ. நீளத்துக்குப் பிளந்த படத்தை அனுப்பியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதிலிருந்து பட்டறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறது. 45-லிருந்து 50 சதவீதத்துக்குள் வந்தால்தான் பசைப்புட்டியைத் திறப்பேன். மரம் தயாரா என்று பார்க்கச் சமையலறைத் தராசே போதும். வாரம் ஒருமுறை பலகையை நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகும் ஒரு மாதம் விடுங்கள். செய்பவரிடம் "எத்தனை சதவீத ஈரத்தில் ஒட்டினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள் அம்மா. விழித்தால் வாங்காதீர்கள்.

எங்கள் புளோக்குக்குக் கீழே அங்சானா மரம் விழுந்துவிட்டது. கிட்டாருக்கு ஆகுமா? (பாசிர் ரிஸ் வாசகர்)

ஆகும், நன்றாகவே ஆகும். நம் வேங்கைக்குச் சொந்தக்காரன் அது. என் 33-ஆவது கிட்டாருக்கு முதுகு அங்சானாதான். ஆனால் விழுந்த மரம் எடுத்தவருக்கே என்று சட்டம் இல்லை. அனுமதி கேட்டு எடுங்கள், அல்லது விழுந்த மரங்களை அறுத்து விற்பவர்களிடம் வாங்குங்கள். நடு வைரம் உளுத்திருக்கிறதா என்று பார்த்து, அறுத்த அன்றே முனைகளில் மெழுகு பூசி, ஒரு வருடமாவது மறந்துவிடுங்கள். தூங்குமூஞ்சி மரமும் இப்படித்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே கிட்டார் செய்யலாமா? (தோ பாயோ வாசகர்)

கைக்கருவியால் செய்யலாம். ரோஸ்வுட்டைத் தேய்ப்பதை மட்டும் வீட்டில் வேண்டாம். அந்தத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொடுக்கும். முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது. ஆரம்ப காலத்தில் நான் சமையலறை ஜன்னலோரம் நின்று ஒரு மதியம் முழுக்க ஈட்டியைத் தேய்த்தேன். கீழ் வீட்டுச் சீன அம்மா மூங்கிலில் காயப்போட்டிருந்த வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் அத்தனையும் ஊதா. நான்கு சட்டை புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுவாரமே சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் ஒரு மூலை வாடகைக்குப் பிடித்தேன்.